ஏட்டை நெருப்பு தின்னாதாம், கறையான் தின்றதாம்!

மணமேல்குடிக்கு ஒரு பெருமை உண்டென்று சைவப் பிரசங்கிகள் மேடைக்கு மேடை சொல்லி வருகிறார்கள். அது என்னவென்றால், அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான குலச்சிறையார் பிறந்த ஊர் இது என்பதாகும். பாண்டியனுக்கு மந்திரியாக இருந்து, திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்து, சமணரை ஒழித்துச் சைவத்தை நிலைநாட்டினார் என்பதே அவருக்குக் கொடுக்கப்படும் யோக்கியதைப் பத்திரம்.

அந்தக் கதையை நாமும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். சொல்லுவது நம்முடைய சரக்கல்ல. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தின் சரக்கு. சம்பந்தர் தம்முடைய பாட்டு எழுதிய ஏடு ஒன்றை நெருப்பில் போட்டாராம்; அது வேகவில்லையாம். சமணர் போட்ட ஏடு வெந்து சாம்பலாயிற்றாம். பிறகு இரு தரப்பாரும் வையை ஆற்றில் ஏடு விட்டார்களாம். சமணர் விட்ட ஏட்டில் 'உண்டு, இல்லை' என்று பொருள்படும் அவர்களுடைய தத்துவச் சொல் எழுதியிருந்ததாம். அது வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விட்டதாம். சம்பந்தர் விட்ட ஏடோ அந்தணரை வாழ்த்தித் தொடங்கும் பாட்டாம். அது ஆற்றை எதிர்த்து நீந்திப் போயிற்றாம். நம் மணமேல்குடி மந்திரி குதிரை ஏறி, ஏட்டின் பின்னாலேயே ஓடி, திருவேடகத்தில் அது ஒதுங்கியபோது கையில் எடுத்துக்கொண்டு வந்தாராம். பிறகு அரசன் கட்டளைப்படி அதே மந்திரி கழு நாட்ட, எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்களாம். ஏடு எதிரேறிய விழா என்று திருவேடகத்தில் இன்றும் திருவிழா நடக்கிறது.

நடந்ததா, நடக்கவில்லையா என்ற வழக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். நெருப்பில் வேகாத அந்த ஏடு எங்கே? வெள்ளத்தை எதிர்த்து நீந்திய அந்த ஏடு எங்கே? தமிழ்நாட்டில் எந்த மடத்தில் இருக்கிறது? எந்தக் கோயில் அறையில் இருக்கிறது? எந்த லைப்ரரியின் அட்டவணையில் எந்த நம்பராக இருக்கிறது?

எங்கும் இல்லை. நெருப்புக்கும் தண்ணீருக்கும் தப்பித்த ஏடு பிறகு எதற்குப் பலியாயிற்று என்பதையும் சைவர்களே சொல்லியிருக்கிறார்கள். தேவார ஏடுகளைத் தேடி இராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சிதம்பரம் போய், பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாம். பெரும்பகுதியைக் கறையான் அரித்துவிட்டதாம். மிச்சம் கிடைத்ததே இன்றுள்ள தேவாரமாம். இதைத் திருமுறை கண்ட புராணம் பெருமையாகவே சொல்லுகிறது. அந்த அறை இருந்தது நடராஜர் ஆடும் சபைக்குப் பக்கத்தில். அக்கினி பகவான் தொட அஞ்சிய ஏட்டைக் கறையான் பகவான் சாவகாசமாகத் தின்று தீர்த்திருக்கிறார். ஆடிக்கொண்டிருந்த கடவுள் ஒரு தடவை காலைத் தரையில் ஊன்றியிருந்தால் அந்தப் புற்றாவது நசுங்கியிருக்கும். அது கூட நடக்கவில்லை.

நாம் இதைக் கேலிக்காக மட்டும் எழுதவில்லை. பழைய ஏடுகளைத் தேடி, எண்ணி, படம் பிடித்து, கம்ப்யூட்டரில் அட்டவணை போடுவது என்ற காரியம் இப்போது சர்க்கார் அளவில் நடக்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் அந்தக் காரியத்துக்குள்ளும் பழைய புராண புத்தி நுழையப் பார்க்கிறது. ஏடு என்றால் என்ன, அது எப்படிப் பிழைக்கிறது, எப்படிச் சாகிறது, அதை எப்படிச் சோதிப்பது என்பதைச் சாதாரண ஜனங்கள் தெரிந்துகொள்ளாவிட்டால், கம்ப்யூட்டரும் இன்னொரு கர்ப்பக்கிருகமாகவே போய் முடியும்.

ஏட்டைக் காப்பாற்றியது யார்?

ஓலை என்பது ஓர் இலை. பனையோலையையோ தாளிப்பனை ஓலையையோ வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரிய மை தடவிக் கட்டி வைக்கிறார்கள். நம் நாட்டு வெயிலிலும் மழை ஈரத்திலும் அந்த ஓலையின் ஆயுள் சில நூறு வருஷங்கள். அதற்குள் ஓட்டை விழும், ஓரம் ஒடியும், பூச்சி அரிக்கும். ஆகையால் ஒவ்வொரு சில தலைமுறைக்கும் ஒரு மனிதன் உட்கார்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுத ஆள் இல்லாத நூல் செத்துப் போகும். இதிலே ஆண்டவன் அருளும் இல்லை, அசுரர் சாபமும் இல்லை.

சம்பந்தர் காலமாகிய 7-ம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட ஓலை என்று இன்று ஒருவரும் ஒன்றையும் எடுத்துக் காட்ட முடியாது. நம் லைப்ரரிகளில் இருக்கும் தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை 18, 19-ம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட பிரதிகள். நூல் பழையதாக இருக்கலாம், ஏடு புதியது. இந்த வித்தியாசத்தை மறைப்பதில்தான் பாதி மோசடி நடக்கிறது. அகஸ்தியர் எழுதிய ஏடு, போகர் கைப்பட எழுதிய ஏடு என்று எவனாவது சொன்னால், "ஐயா, இந்த ஓலையை வெட்டிய வருஷம் எது, எழுதிய ஆள் யார்?" என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்படியானால் அந்தக் காலத்து எழுத்து ஒன்றுமே மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சியிருக்கிறது. கல்லில் வெட்டியதும் செம்பில் பொறித்ததும் மிஞ்சியிருக்கின்றன. செம்பில் பொறித்து வைத்தார்களே, அது எதற்காக? குறளைப் பொறித்தார்களா? உழவன் பாட்டைப் பொறித்தார்களா? வைத்தியத்தைப் பொறித்தார்களா? 8-ம் நூற்றாண்டுப் பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு எதற்காக என்று பாருங்கள். வேள்வி செய்த பார்ப்பனருக்குக் கொடுத்து, இடையில் பறிபோன ஒரு கிராமத்தைத் திரும்பக் கொடுத்த பத்திரம் அது. பல்லவர், பாண்டியர், சோழர் செப்பேடுகளில் மிகப் பல இப்படிப்பட்ட பிரமதேயப் பத்திரங்களே. எவர் சொத்து அழியக்கூடாது என்று அரசன் நினைத்தானோ அவர் பத்திரத்துக்குச் செம்பு கிடைத்தது. மற்றவர் அறிவுக்கு ஓலை; ஓலைக்குக் கறையான்.

ஆகவே தோழர்களே, 'மிஞ்சியது' என்பதற்கு 'உயர்ந்தது' என்று அர்த்தம் அல்ல. மிஞ்சியதற்குப் பின்னால் ஒரு மடம் இருந்தது, ஒரு மானியம் இருந்தது, ஒரு சம்பளம் வாங்கிய எழுத்துக்காரன் இருந்தான் என்பதே அர்த்தம்.

போனது எப்படிப் போயிற்று?

ஐம்பெருங் காப்பியங்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்புவிக்கச் சொல்லுகிறார்கள். அவற்றில் பௌத்த நூலாகிய குண்டலகேசி எங்கே? சமண நூலாகிய வளையாபதி எங்கே? மற்ற நூல்களின் உரையிலும் தொகுப்பிலும் ஒட்டிக்கொண்டு வந்த சில பாடல்களைத் தவிர ஒன்றும் இல்லை. சீவக சிந்தாமணி பிழைத்தது எப்படி? கும்பகோணத்துச் சமணர் அதைத் தங்கள் வீட்டில் பக்தியோடு படித்துக்கொண்டிருந்தார்கள், உ. வே. சாமிநாதையர் அவர்களிடம் போய் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு 1887-ல் அச்சிட்டார். அந்தச் சில குடும்பங்கள் இல்லாதிருந்தால் சிந்தாமணியும் வளையாபதி போன வழியில் போயிருக்கலாம்.

சாமிநாதையர் பார்ப்பனர்தான், சைவ மடத்தில் படித்தவர்தான். அதனால் அவர் ஊர் ஊராய் நடந்து செய்த வேலையை நாம் ஒரு அணுவும் குறைத்துச் சொல்லமாட்டோம். உண்மையில் நம் கட்சிக்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, அங்கே குவிந்து கிடந்த பழைய ஏடுகளையெல்லாம் ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகக் கோயில்காரர் சொன்னதை அவரே தம் சரித்திரத்தில் எழுதி வயிறெரிந்திருக்கிறார். எவரும் சண்டைக்கு வரவில்லை. எந்த அந்நியனும் படையெடுக்கவில்லை. சாஸ்திரம் சொல்லிற்று, நெய் ஊற்றினார்கள், எரித்தார்கள். சம்பந்தர் ஏடு நெருப்பில் வேகாது என்று நம்பிய அதே ஜனங்கள்தான் இதைச் செய்தார்கள். அந்த ஏடுகளில் ஒன்றாவது நெருப்பிலிருந்து பச்சையாக எழுந்து வந்ததா?

ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்ற வழக்கம் வேறு. வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர் செத்துப்போவார். கட்டு பரணில் கிடக்கும். பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. தூக்கி எறியவும் பயம். புரோகிதரைக் கேட்டால், "சரஸ்வதி அம்சம், காலில் படக்கூடாது, ஆற்றில் விட்டுவிடு" என்பார். ஆற்றில் விட்ட ஏடு எதுவும் எதிர்த்து நீந்தவில்லை. எல்லாம் சமணர் ஏட்டைப் போலவே கடலுக்குப் போயின. அப்படியானால் அந்தப் புராணக் கணக்குப்படி தமிழன் எழுதியதெல்லாம் பொய் என்றல்லவா ஆகிறது? இந்த முடிவைச் சைவப் பண்டிதர்கள் ஒப்புக்கொள்வார்களா?

போனவற்றை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் பெயர் பெயராகத் தேடி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புஸ்தகமாகவே எழுத வேண்டியிருந்தது. உலகத்தில் எத்தனை பாஷைக்காரர் தங்கள் நூல்களுக்கு இப்படி இழவுப் பட்டியல் எழுத நேர்ந்ததோ நமக்குத் தெரியாது. நமக்கு நேர்ந்தது.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள்?

ஐரோப்பாவிலும் பாதிரிகளும் மடங்களும்தான் ஏடுகளை வைத்திருந்தார்கள். அங்கேயும் மூடநம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிற்காலத்து அறிஞர் என்ன செய்தார்கள்? கி.பி. 800-க்கு முன் லத்தீனில் எழுதப்பட்டு இன்று மிஞ்சியுள்ள ஒவ்வொரு ஏட்டையும், ஒற்றைத் துண்டானாலும் விடாமல், தேடி எண்ணினார்கள். லோ என்ற அறிஞர் தொடங்கிய அந்த வேலையில் முதல் தொகுதி 1934-ல் வந்தது. கடைசித் தொகுதி 1971-ல் வந்தது. மொத்தம் சுமார் 2,000 ஏடுகள். அந்த அட்டவணையை இன்று அயர்லாந்தில் கால்வே சர்வகலாசாலையார் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். எந்த ஊரில் எழுதியது, எந்த மாதிரி எழுத்து, தோல் எப்படிப் பதப்படுத்தியது, இப்போது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. பார்ப்பதற்கு ஞானஸ்நானம் செய்துகொள்ள வேண்டியதில்லை.

ஓலையே பழையதாகக் கிடைக்காதா என்றால், கிடைக்கும். குளிர்ந்த நாட்டில் கிடைக்கும். நேபாளத்தில் கி.பி. 828-ல் எழுதிய ஒரு சைவ ஓலைச்சுவடி இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அதை அவர்கள் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றியது சிவன் என்றால், அந்தச் சிவன் சிதம்பரத்தில் ஏன் தூங்கினார்? காப்பாற்றியது நேபாளத்தின் குளிரும், அதை எடுத்துப் பத்திரப்படுத்தி நம்பர் போட்ட மனிதரும்தான்.

இங்கே நடப்பது என்ன?

சென்னையில் சர்க்கார் கீழ்த்திசைச் சுவடி நிலையம் 1869-ல் ஏற்பட்டது. அதற்கு அடிப்படை கர்னல் மெக்கன்சி என்ற வெள்ளைக்கார சர்வேயர் ஊர் ஊராய்ச் சேர்த்த சரக்கு. இன்று அங்கே 70,000-க்கு மேல் சுவடிகள் உண்டு. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுமார் 49,000. தமிழ்நாட்டின் நடுவில், காவிரிக் கரையில் இருக்கும் அந்த மகாலில் சமஸ்கிருதச் சுவடி 39,000-க்கு மேல். தமிழ்ச் சுவடியோ 4,000-ஐ எட்டவில்லை. எந்தப் பாஷை எழுத்துக்காரனுக்கு அரண்மனையில் சோறு கிடைத்தது என்பதற்கு இந்தக் கணக்கைவிட வேறு சாட்சி வேண்டுமா? புதுச்சேரியில் உள்ள சுமார் 11,000 சைவ ஏடுகளை 2005-ல் யுனெஸ்கோ உலக ஞாபகப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றைத் தேடிச் சேர்த்து வைத்தவர்கள் பிரெஞ்சுக்கார ஆராய்ச்சி நிலையத்தார். சைவ ஆதீனங்களுக்கு நிலமும் தங்கமும் எவ்வளவு உண்டென்று உலகம் அறியும். சைவ ஏட்டை எண்ண மட்டும் பிரான்சிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது!

மத்திய சர்க்கார் 2003-ல் தேசியச் சுவடி இயக்கம் ஒன்றை ஆரம்பித்தது. 2025 பட்ஜெட்டில் அதே வேலையை 'ஞான பாரதம்' என்ற பெயரில் விரிவாக்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காக்கப்போவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அறநிலையத்துறை, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு கோயில்களில் கிடக்கும் சுவடிகளைத் தேடிச் சுத்தம் செய்து படமெடுக்கும் வேலையை 2022-ல் தொடங்கியது. ஏட்டை எண்ணுகிறவனை நாம் ஹோமத்தில் போட்டவனோடு சேர்க்கமாட்டோம். இவற்றையெல்லாம் வரவேற்கிறோம்.

ஆனால் பெயரைப் பாருங்கள். சுவடி என்றால் அதற்குள் இருப்பதெல்லாம் 'ஞானம்' என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார்கள். ஏட்டில் வைத்தியம் உண்டு, கணக்கு உண்டு, நல்ல பாட்டு உண்டு, வாஸ்தவம். அதே ஏட்டில் பில்லி சூனியம் உண்டு, பல்லி விழும் பலன் உண்டு, எந்த ஜாதியார் எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்ற சட்டமும் உண்டு. இவையெல்லாம் சரித்திரத்துக்கு வேண்டும், ஒன்றையும் எறியக்கூடாது. ஆனால் சரித்திரம் வேறு, ஞானம் வேறு. பழைய ஜெயில் ரிஜிஸ்டரைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் ஜெயிலை மறுபடி கட்டவேண்டும் என்று ஆகுமா?

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நாடி ஜோசியக்காரன் பிழைக்கிறான். வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து, அகஸ்தியர் நமக்காகவே எழுதிவைத்த ஓலை என்று நம்பி, படித்த உத்தியோகஸ்தர்கூடப் பணம் கட்டுகிறார். "உன் தகப்பன் பெயர் 'ரா'வில் தொடங்குமா, 'மு'வில் தொடங்குமா" என்று இவனிடமே கேட்டு, இவன் சொன்னதையே ஓலையில் இருப்பதாகத் திருப்பிப் படிக்கிறான். நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். அந்த நாடி ஓலைகள் முழுவதையும் சர்க்கார் படமெடுத்து, நம்பர் போட்டு, எல்லாரும் பார்க்கும்படி வைக்கட்டும். எந்த ஓலையில் எவன் தகப்பன் பெயர் இருக்கிறது என்று நாமே தேடிக்கொள்ளலாம். ஜோசியக்காரர் சம்மதிப்பார்களா? அட்டவணை என்றால் மோசக்காரனுக்கு ஏன் பயம் என்பது இப்போது விளங்கும்.

ஏட்டைச் சோதிக்க இரண்டு வழி

இனி வேடிக்கையான ஒரு சங்கதி. அதே பெரிய புராணத்தில், ஏட்டைச் சோதிக்க இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று மதுரை வழி. ஏட்டை நெருப்பில் போடு, வேகாவிட்டால் உண்மை. இன்னொன்று திருவெண்ணெய்நல்லூர் வழி. சுந்தரர் கல்யாணத்தன்று ஒரு கிழப் பார்ப்பனர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இதோ" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர், "நீ கிழித்தது படியோலை, மூல ஓலை வேறு இருக்கிறது" என்று ஊர்ச் சபைக்கு இழுக்கிறார். சபையார் என்ன செய்கிறார்கள்? நெருப்பு மூட்டவில்லை. காப்பில் வைத்திருந்த, அதே பாட்டன் எழுதிய வேறோர் ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, கையெழுத்தை ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். வந்த கிழவர் சிவபெருமானே என்பது கதை. கடவுளே ஆனாலும் சபையில் மூல ஓலையைக் காட்ட வேண்டியிருந்தது. அதை ஒத்துப் பார்க்கக் காப்பில் வைத்த வேறு ஓலையும் வேண்டியிருந்தது!

அட்டவணை என்பது இந்த இரண்டாவது வழியே. எது மூலம், எது படி, யார் கையெழுத்து, எங்கே இருக்கிறது, எதோடு ஒத்துப் பார்ப்பது என்று காட்டுவது. இதைக்கொண்டு மதுரைக் கதையையே சோதிக்கலாம். நம் ஜில்லாவில் சித்தன்னவாசல் இருக்கிறது. 9-ம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர் அந்தக் குகைக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்லில் எழுதியிருக்கிறது. 7-ம் நூற்றாண்டில் மதுரையில் சமணம் வேரற்றுப் போயிற்று என்றால், இருநூறு வருஷத்துக்குப் பின் மதுரையிலிருந்து வந்த சமண ஆசிரியர் யார்? கல் ஒன்று சொல்லுகிறது, புராணம் ஒன்று சொல்லுகிறது. எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றியது உண்மையானால் கொலை. பொய்யானால் கொலையை விரும்பிக் கட்டிய பொய். இரண்டில் எதற்காக மணமேல்குடி பெருமைப்பட வேண்டும்?

அந்தக் கல்வெட்டு நம் கைக்கு எட்டுவதற்குக் காரணம் எவனோ அதைப் படித்துப் பட்டியலில் சேர்த்ததுதான். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளை 1929-லேயே அச்சிட்டது. மணமேல்குடி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. 1974-ல்தான் புதுக்கோட்டை ஜில்லாவில் சேர்ந்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அந்தப் புஸ்தகத்தில் நமக்கு இடமில்லை. அட்டவணையில் சேராத ஊருக்கு நேருவது இதுதான். கல்வெட்டு இல்லாத குறையைப் புராணம் வந்து நிரப்பிவிடும்.

உன் வீட்டு ஏட்டில் என்ன இருக்கிறது?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், கட்டுமாவடி, மீமிசல் முதலிய இந்தக் கரையோர ஊர்களிலும் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனை பரணில் எத்தனை கட்டு கிடக்கிறதோ எவரும் எண்ணவில்லை. சிலர் மஞ்சள் துணியில் சுற்றிச் சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய பழைய கித்தாபுகள் இருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "பெரியவர்கள் வைத்தது" என்பதற்கு மேல் பதில் இல்லை.

ஓலை என்றால் தேவாரமும் வைத்தியமும் மட்டுமல்ல. நிலப் பத்திரம் ஓலை. கடன் பத்திரம் ஓலை. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஓலை. ஆளை ஆள் விற்ற அடிமைச் சீட்டும் ஓலை. 1843-ல் சட்டம் போட்டு அடிமை முறையை நீக்கும் வரை, உழைக்கும் ஜாதியாரைக் குடும்பத்தோடு, பிறக்கப்போகும் பிள்ளையோடு சேர்த்து விற்று வாங்கிய சீட்டுகள் தமிழ்நாட்டில் எழுதப்பட்டன. சில அச்சிலும் வந்திருக்கின்றன. தோழனே, நீ கற்பூரம் காட்டும் அந்தக் கட்டில் உன் முப்பாட்டனை விற்ற ஓலை இருந்தால் என்ன செய்வாய்? அல்லது, உன் நிலம் உன் முப்பாட்டனுடையது என்று சொல்லும் ஓலை இருந்து, அதை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டுவிட்டால் என்ன செய்வாய்? படிக்காமல் கும்பிடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

படிப்பதும் லேசல்ல. பழைய ஏட்டில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது; எகர ஏகாரக் குறில் நெடில் வித்தியாசம் தெரியாது; சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. எழுதிய வருஷத்தைப் பிரபவ, விபவ என்று அறுபது வருஷப் பெயரால் மட்டும் போட்டிருப்பார்கள். நாரதர் பெண்ணாக மாறிப் பெற்ற அறுபது பிள்ளைகளின் பெயரென்று ஆபாசக் கதை கட்டினார்களே, அதே அறுபதுதான். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வருவதால், ஏடு எழுதியது 1747-லா, 1807-லா, 1867-லா என்று ஆராய்ச்சிக்காரன் திண்டாடுகிறான். தொடர்ந்து எண்ணத் தெரிந்த ஜனத்துக்கு எண்ணாத வருஷத்தைக் கொடுத்து நம் சரித்திரத்தையே மயக்கி வைத்திருக்கிறது புராணம்.

ஆகையால் நாம் கேட்பவை இவை:

1. சர்க்கார் பணத்தில் எண்ணும் ஒவ்வொரு ஏட்டின் படமும் அட்டவணையும் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். மடாதிபதியின் அனுமதிச் சீட்டுக் கேட்கக்கூடாது. காப்பாற்றி வைத்ததற்கு மடத்துக்கு நன்றி சொல்லலாம். நன்றி வேறு, பூட்டு வேறு.

2. நூலின் காலம் வேறாகவும், ஏடு எழுதிய காலம் வேறாகவும் எழுதப்பட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். ரிஷி பெயரை ஆசிரியர் பெயராகக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது.

3. தெய்வப் பாட்டு முதலில், மற்றவை பிறகு என்று ஒதுக்கக்கூடாது. சமண ஏடும், முஸ்லிம் கித்தாபும், வைத்தியமும், பஞ்சாயத்து ஓலையும், அடிமைச் சீட்டும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

4. சுவடி படிக்க எல்லா ஜாதி ஆண் பெண் பிள்ளைகளுக்கும் தாலுகா தோறும் சம்பளம் கொடுத்துக் கற்பிக்க வேண்டும். தமிழ் ஏட்டின் விவரம் தமிழில் இருக்க வேண்டும்.

5. அழிந்ததற்கும் ஒரு பட்டியல் வேண்டும். எந்த ஊரில், எந்த வருஷம், நெருப்பிலா, ஆற்றிலா, கறையானுக்கா என்று வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

சர்க்கார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் கட்டு இருந்தால் சந்தனம், குங்குமம், தண்ணீர் எதுவும் படாமல் வையுங்கள். ஒட்டிக்கொண்ட ஏட்டை இழுத்துப் பிரிக்காதீர்கள். நூல் கயிறு அறுந்திருந்தால் வரிசை கலையாமல் கட்டுங்கள். இன்று மீன் ஏலத்துக்குப் போகிறவன் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும் வரிசையாகப் படமெடுத்து, ஊர்ப் பெயரும் வீட்டில் வந்த வழியும் ஒரு தாளில் எழுதி, சென்னைச் சுவடி நிலையத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்துக்கோ தெரிவியுங்கள். விற்றுவிடுங்கள் என்று எவனாவது வந்தால் ரசீது கேளுங்கள், ஓடிவிடுவான்.

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் மணமேல்குடிக்காரர் ஒருவர் ஒரே ஓர் ஏட்டைப் பிடிக்கக் குதிரையில் ஓடினார் என்று திருவிழாக் கொண்டாடுகிறார்கள். பரணில் கிடக்கும் ஏட்டை எடுக்கக் குதிரை வேண்டாம். ஓர் ஏணி போதும். அதில் ஏறிப் பார்க்கிறவன் நாயன்மார் பட்டியலில் சேரமாட்டான். அவன் தூசி தட்டிக் கீழே கொண்டுவரும் ஏடு, உலகம் பார்க்கும் பட்டியலில் சேரும். நமக்கு அது போதும்.